ஆறாவது கதையின் ஆசிரியர்

ஜப்பானியக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்த அகராதி நல்லது, மரியாதைச் சொற்களை எப்படித் தமிழாக்குவது என்பதைப் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களில் சிலர் அண்மையில் அங்கே வாழ்ந்து வந்தவர்கள். நான் அங்கே படித்தது ரயில் பெட்டிக்குள் எல்லோரும் புகைபிடித்த காலத்தில். உங்களுக்குத் தருவதற்கு என்னிடம் இருப்பவை என் பிழைகள் மட்டும்தான். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசில் பெற்று ஜப்பானுக்குப் போனவன் நான். படித்தது இரசாயனம். படிப்பு முடிந்தபோது திரும்பிப் போகும்படி நாடு இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு வந்தேன். இங்கே ஒரு மருந்து நிறுவனத்தில் ஜப்பானியக் காப்புரிமை ஆவணங்களை ஜெர்மன் மொழிக்கு மாற்றும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதையே செய்தேன். உப்புகள், கரைசல்கள், மாத்திரைகளின் மேற்பூச்சு. அந்த ஆவணங்களில் யாரும் எதற்காகவும் வருந்துவதில்லை. நல்ல வேலை.

2009இல் ஓய்வு பெற்றேன். போர் முடிந்த அந்த ஆண்டு எங்கள் ஆட்கள் எவருக்கும் எழுதக் கை வரவில்லை. எதை எழுதினாலும் போதாது என்று பட்டது. இங்கிருந்து வெளிவந்த ஒரு சிற்றிதழின் ஆசிரியர், பக்கங்களை நிரப்ப வழியின்றி என்னிடம் வந்தார்.

“அண்ணை, உங்களுக்கு ஜப்பான் பாஷை தெரியுமெல்லோ. துக்கமான கதை ஏதும் கிடந்தால் தாங்கோவன். ஆனா எங்கட துக்கமா இருக்கக் கூடாது.”

அப்படித்தான் தொடங்கியது. சென்ற நூற்றாண்டில் ஜப்பானில் ஒரு வகைக் கதைகள் பெருகின. அவர்கள் அதற்கு வைத்த பெயரை ‘நான்–கதை’ என்று சொல்லலாம். எழுதுகிறவன் தன் வாழ்க்கையையே, பெரும்பாலும் தன் கேவலங்களையே, கதையாக எழுதுவான். காசநோய், குடி, தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மனைவி, இறந்த குழந்தை. திருப்பம் ஒன்றும் இருக்காது. மழை பெய்யும், ஒருவன் ஜன்னல் அருகே உட்கார்ந்திருப்பான், தான் செய்த அநியாயத்தைக் காலநிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்வான். எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. காப்புரிமை ஆவணத்தின் குரலுக்கு அது மிகவும் பக்கத்தில் இருந்தது.

முதல் கதையில் ஒருவன் தன் பிள்ளையின் குளிர்காலக் கோட்டை விற்றுவிட்டுக் குடிக்கப் போவான். ஒரு வாக்கியம்தான்: கோட்டை விற்றேன், குடித்தேன். என்னோடு முன்பு வேலை செய்த ஒசாகாக்காரர் ஒருவர் இங்கேயே குடியிருந்தார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவர். நான் தமிழில் எழுதியதை ஜப்பானியத்தில் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இந்த ‘என்ன செய்வேன்’ என்பதை யார் சொன்னது?”

நான் எழுதியிருந்தது: கோட்டை விற்றேன், என்ன செய்வேன், குடித்தேன்.

“தமிழில் அது இயல்பாக வரும்,” என்றேன்.

“நீங்கள் அவனுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். அவன் வக்கீல் கேட்கவில்லை.”

அந்தச் சொற்களை வெட்டினேன். அதன்பின் எதை மொழிபெயர்த்தாலும் வக்கீல் எங்காவது ஒளிந்திருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பேன். ‘பாவம்’, ‘வேறு வழியின்றி’, ‘என்னையறியாமல்’. இவையெல்லாம் வக்கீலின் சொற்கள். கதாசிரியர் தராத இடத்தில் இவற்றைப் போடாதீர்கள். சிறிய பிழை இவ்வளவுதான். அதைத் திருத்த ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது.

இனிப் பெரியது.

என் மனைவி மலர் 2011இல் பாசலில் ஒரு மருத்துவமனையில் இறந்தாள். அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்னர் எங்கள் ஒரே மகள் கீர்த்தனா, ஃப்ரிபூர்க்கில் ரேத்தோ என்ற சுவிஸ்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மலருக்கு அது பிடிக்கவில்லை, போகவில்லை. நான் பேர்ணில் பல் வைத்தியரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஃப்ரிபூர்க்குக்குப் போய், பதிவு அலுவலக வாசலில் இருவருக்கும் கைகொடுத்துவிட்டுத் திரும்பினேன். என் குணத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள இது உதவும்.

அந்த ஓராண்டும் மலர் மகளோடு கதைக்கவில்லை. நோய் வந்து படுத்த பிறகு மகள் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்தாள். மலர் நித்திரைபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் கட்டிலருகே நெடுநேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

கடைசி நாளன்று காலையில் தாதி என்னிடம், மகளை வரச் சொல்வது நல்லது என்றார். தொலைபேசி எடுத்தேன். கீர்த்தனா அடுத்த ரயிலில் வருவதாகச் சொன்னாள். அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன் என்று மலரிடம் சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனேன். ரயில் வர இரண்டு மணி நேரம் இருந்தது. கூட்டிவரச் சொல்லி மகள் கேட்கவும் இல்லை. அவளுக்கு வழி தெரியும். எனக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. மலரின் மூச்சுச் சத்தத்தைவிட ரயில் அறிவிப்புகள் கேட்கச் சுகமாக இருந்தன. காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கைத்தொலைபேசியில் மருத்துவமனையின் எண் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுக்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு டிராம் ஏறினேன்.

நான் போனபோது முடிந்திருந்தது. தாதி என்னைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கட்டிலருகே உட்கார்ந்து மலரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கீர்த்தனா ஓடி வந்தபோது நான் அப்படித்தான் இருந்தேன். யார் பார்த்தாலும் காலையிலிருந்து அங்கேயே இருந்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

“அம்மா ஏதும் சொன்னவவோ?” என்று கேட்டாள்.

“ஓம்,” என்றேன். “கீர்த்தனாவோட எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லுங்கோ எண்டவ.”

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது, நான் திருத்தவில்லை. மகள் அந்தச் சொற்களைச் செத்தவீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. மலர் என்று பெயர் வைத்தாள்.

அதற்குள் நான் மொழிபெயர்த்த கதைகள் ஐந்தாகியிருந்தன. ஐந்திலும் யாராவது ஒருவன் தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னான். ஐந்தாவது கதை முடிந்தபோது எனக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் என் பெயரில் சொல்லத் துணிவில்லை. நம் தொழிலில் இருப்பவனுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு வழி எனக்குக் கிடைத்தது. கதையை நானே தமிழில் எழுதினேன். அதற்கு ஒரு ஜப்பானிய ஆசிரியரை உண்டாக்கி, மொழிபெயர்ப்பு என்று கீழே என் பெயரைப் போட்டேன்.

மிகவும் கவனமாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ரைன் நதியைத் துறைமுகமாக்கினேன். சுவிஸ் மருமகனைக் கொரியனாக்கினேன். ஆசிரியருக்கு ஒரு பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் கொடுத்தேன்: மீன்பிடி ஊரில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், சில கதைகளே எழுதியவர், பெரிதாக அறியப்படாதவர். கடைசிச் செய்தி மட்டும் உண்மை. அந்தப் பெயரைத் திரும்ப எழுதக் கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன். ஆனால் நிலையம், காப்பி, எடுக்காத தொலைபேசி, மகளிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். கடைசிப் பந்தியில் அந்த மனிதன், தன் மகள் கணவனோடும் குழந்தையோடும் சந்தோஷமாக இருப்பதை நினைத்து, தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான் என்று முடிவுக்கு வருவான்.

பயமாக இருக்கவில்லை. தமிழ் வாசகர்களிடமிருந்து ஜப்பானுக்குள் ஒளிந்துகொண்டேன். மகளிடமிருந்து தமிழுக்குள் ஒளிந்துகொண்டேன். கீர்த்தனா இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்தாள். கடைப் பலகை வாசிப்பாள், கதை வாசிக்க மாட்டாள்.

கதை நன்றாகப் போனது. நான் செய்த எதற்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை. எங்கள் ஆட்களுக்கு இப்படி உண்மை பேச வராது, ஜப்பானியர்களிடம்தான் படிக்க வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதினார். சென்னையிலிருந்து வந்து இங்கே மருந்து நிறுவனமொன்றில் வேலை செய்யும் ஒருவர், முகவரி விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சான்ஸே இல்ல சார். அந்த ஃபோனை எடுக்காம உக்காந்திருக்கான் பாருங்க, நான் அதையே மூணு வாட்டி படிச்சேன். நம்மாளுங்க எழுதினா அந்த எடத்துல அழுதுருவாங்க சார். இவன் காபி குடிக்கிறான்.”

“ஓம், அவர்கள் அப்படித்தான்,” என்றேன்.

“வேற என்ன எழுதியிருக்காரு சார் இவரு?”

“அதிகம் இல்லை.”

நான்கு ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு துளசி வந்தாள்.

துளசியை உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே பிறந்து, சூரிச்சில் ஜப்பானியம் படித்து, ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். நான் தமிழுக்குக் கொண்டுவந்த ஆறு கதைகளையும் ஜப்பானிய மூலத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுபோக அவளுக்கு ஒரு சிறு பதிப்பகம் இடம் கொடுத்திருந்தது. தெரிவு என்னுடையது என்று என் பெயரும் போடுவார்களாம். நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் முதலில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையில் ஆறாவது கதை நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது.

ஒரு பிற்பகல் என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

“மாமா, ஐஞ்சு கதையின்ர மூலமும் எடுத்திட்டன். ஆறாவதுதான் இல்லை.”

“அது ஒரு சின்னப் பத்திரிகையில வந்தது.”

“எந்தப் பத்திரிகை?”

“நிண்டுபோச்சு.”

“அந்தாள் பிறந்த ஊர் நூலகத்துக்கு மெயில் போட்டனான். நல்ல மனிசர், ரெண்டு நாளில பதில் போட்டவை. அப்பிடி ஒரு ஆள் இல்லையாம்.”

“புனைபெயராயிருக்கும்.”

துளசி தேநீரைக் குடித்தாள். பதற்றமே இல்லை.

“தற்காலிகமா உங்கட தமிழிலயிருந்து ஜெர்மனில ஒண்டு எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பினனான். ஆறிலயும் இதுதான் அவைக்கு நல்லாப் பிடிச்சது. எழுதேக்க ஒரு இடத்தில நிண்டிட்டன் மாமா. ஸ்டேஷன் மணிக்கூடு. சிவப்பு ஊசி சுத்தி வந்து உச்சியில ஒரு கணம் நிக்கும், பெரிய முள் அசைஞ்ச பிறகுதான் திரும்ப வெளிக்கிடும் எண்டு வருது.”

“ஓம்.”

“நான் அங்க ஒரு வருஷம் ரயிலில திரிஞ்சனான். அங்க ஊசி நிக்காது. இஞ்சத்தான் நிக்கும்.”

நதியையும் மருமகனையும் மாற்றியவன், தினமும் பார்க்கும் மணிக்கூட்டை மாற்ற மறந்துவிட்டேன். உலகத்தில் எல்லா நிலையங்களிலும் அது அப்படித்தான் நிற்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“இது நீங்கள் எழுதினதோ மாமா, இல்லாட்டி நீங்கள் செய்ததோ?”

இந்தக் கேள்வியை நம் தொழிலில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

“ரெண்டும்,” என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “கீர்த்தனா அக்காவைப் போன கிழமை பேர்ணில கண்டனான். அப்பாவின்ர கதைகள் ஜெர்மனில வருது எண்டு சொன்னன். சரியான சந்தோஷம் அவவுக்கு. எழுதினவரைக்கும் அனுப்பு, இவ்வளவு நாளும் அவர் என்ன செய்யிறார் எண்டு வாசிக்க வழியில்லாமல் இருந்தது எண்டு சொன்னவ. திங்கட்கிழமை அனுப்புறன் எண்டிட்டன்.”

“ஆறையுமோ?”

“ஐஞ்சை அனுப்பலாம். ஆறாவதை எடுத்துவிடலாம். பதிப்பகத்துக்கு மூலம் கிடைக்கேல்ல எண்டு சொன்னால் முடிஞ்சுது. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுறதுதான்.”

தப்பிக்கச் செலவில்லாத வழியொன்றை அந்தப் பிள்ளை எனக்குத் தந்தாள். புறப்படும்போது கதவடியில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள்.

“கோவிக்காதேங்கோ. நூலகத்துக்கு எழுத முன்னமே எனக்குச் சந்தேகம். கடைசிப் பந்தியில அந்தாள் தன்னைத்தானே மன்னிச்சுப்போட்டுப் போறார். மற்ற ஐஞ்சு பேரும் அதைச் செய்யேல்ல.”

மற்றவர்களின் கதைகளில் வக்கீலைத் தேடிப் பிடித்தவன், என் கதைக்கு ஒரு முழுப் பந்தி வக்கீலை உட்கார்த்தியிருந்தேன்.

அன்று வியாழக்கிழமை. திங்கள்வரை நாள் இருந்தது. எதைச் செய்வது என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் கீர்த்தனாவுக்குத் தாயின் மன்னிப்பு இருக்கும். அது போலிதான், ஆனால் அவள் அதை உண்மையென்று நம்பி ஆண்டுக்கணக்காக அதில் காலூன்றி நிற்கிறாள். சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அவளுக்கு மன்னிப்புப் போய்விடும். என் பாரத்தை அவள் கணக்கில் இறக்கிவைப்பது எந்த வகையில் நேர்மை? இந்தக் கேள்வியை அந்த ஐந்து எழுத்தாளர்களும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வீடுகளில் மனைவிகள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. நீங்கள் மொழிபெயர்க்கும் ‘நான்’ எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும், அந்த நேர்மையின் விலையைப் பக்கத்து அறையில் இருப்பவர்கள் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் காது கொடுத்து மொழிபெயர்த்துப் பழகுங்கள்.

இப்படியெல்லாம் யோசித்தும், ஏன் போனேன் என்பதற்கு உயர்வான காரணம் என்னிடம் இல்லை. துளசிக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி தனியே இறந்தாள் என்பது ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும், என் பிள்ளைக்குத் தெரியாது. அதை என்னால் தாங்க முடியவில்லை. துளசி வாய் தவறிச் சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை ஃப்ரிபூர்க்குக்கு ரயில் ஏறினேன். துளசியின் ஜெர்மன் படியைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

ரேத்தோ குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தான். கீர்த்தனா சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள். பல் வைத்தியரிட்டயோ?”

அந்தப் பகிடி எங்கள் வீட்டில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னேன். தமிழில் தொடங்கினேன். மருத்துவமனை, தாதி, நிலையம் என்று சுற்றிக்கொண்டு போனேன். அவள் முகம் மாறியது.

“நில்லுங்கோ அப்பா. எனக்கு விளங்கினது சரியோ தெரியேல்ல. ஜெர்மனில சொல்லுங்கோ.”

என் ஜெர்மன் உப்புகளுக்கும் கரைசல்களுக்கும் பழகியது. துக்கத்துக்கு அதில் என்னிடம் சொற்கள் இல்லை. அதனால் மூன்று வாக்கியங்களே வந்தன. அம்மா இறந்தபோது நான் அங்கே இருக்கவில்லை. அவள் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதை நான் உண்டாக்கினேன்.

நான் செய்த மொழிபெயர்ப்புகளில் இவ்வளவு சுத்தமாக வேறெதுவும் வந்ததில்லை.

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டை அலுமாரியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். வைத்தாள்.

“அப்ப அம்மா கோவமாத்தான் போனவ.”

“தெரியாது.”

“கோவமில்லாமல் போனவ எண்டு தெரியுமோ?”

“அதுவும் தெரியாது.”

“இதை வேற ஆருக்குத் தெரியும்?”

கதையைப் பற்றிச் சொன்னேன். ஜப்பானிய ஆசிரியரைப் பற்றிச் சொன்னேன். அச்சில் வந்ததைச் சொன்னேன். அவள் நம்பாதவள்போல என்னைப் பார்த்தாள்.

“தமிழ் வாசிக்கிற எல்லாரும் வாசிச்சிருக்கினம். என்னைத் தவிர.”

“சின்ன இதழ்தான்.”

“அப்பா.”

“ஓம். உன்னைத் தவிர.”

“ரேத்தோவும் வாறானோ?”

“கொரியனா வாறான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். படியைக் கொடுத்தேன். மேசையில் வைத்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவளைப்போல ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். நம் வேலையை ஒருவர் நம் முன்னால் வாசிப்பது எப்போதும் சங்கடமானது.

கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இதில நான் சந்தோஷமா இருக்கிறன் எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஓம்.”

“கேட்டனீங்களோ?”

நான் கேட்டதில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டதில்லை. அவள் சந்தோஷமாக இருப்பது எனக்குத் தேவையாக இருந்தது. அதனால் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

“பிள்ளைக்கு அம்மாவின்ர பேரை வைக்கேக்க,” என்றாள், “அம்மாவுக்கு இது பிடிக்கும் எண்டு நினைச்சுத்தான் வைச்சனான். இப்ப அவளை நான் என்னெண்டு கூப்பிடுறது?”

சிறிது நேரத்தில் அவள் எழுந்து என் கோட்டை எடுத்துத் தந்தாள்.

“அவை வரமுன்னம் நீங்கள் போங்கோ அப்பா.”

போனேன்.

பதிப்பகத்துக்கு உண்மையை எழுதிக் கதையை விலக்கிக்கொண்டேன். அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள்: கதை இப்போதும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் தொகுப்பு ஜப்பானியக் கதைகளுக்கானது. சிற்றிதழிலும் விளக்கம் எழுதி என் பெயரில் வெளியிட்டேன். சென்னைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் வருத்தப்பட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க சார். ஜப்பான்காரர் எழுதினதா படிச்சப்போ ரொம்ப நல்லா இருந்துச்சு. இப்போ திரும்பப் படிச்சேன். அந்த ஆளு மேல கோவம்தான் சார் வருது.”

என் கதைக்குக் கிடைத்த விமர்சனங்களில் சரியானது அதுதான்.

கீர்த்தனா அழைக்கவில்லை. நான் அழைத்தால் ரேத்தோ எடுத்து, அவள் குளிக்கிறாள் என்பான், கடைக்குப் போயிருக்கிறாள் என்பான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் குரல் தடுமாறியது. பேத்தியின் பிறந்தநாள் வந்து போனது. பரிசுப் பொதியை அஞ்சலில் அனுப்பினேன். நன்றி என்று பேத்தி எழுதிய அட்டை வந்தது. எழுத்துகள் அவளுடையவை, முகவரி ரேத்தோவின் கையெழுத்து.

சொன்னது சரியா என்று கேட்பீர்கள். எனக்கு இன்னும் தெரியாது. முதலில் பொய் சொன்னது பிழை. அதை அச்சில் விட்டது அதைவிடப் பிழை. மூன்றாவதைப் பற்றி நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. அடுத்து வருவதை எழுத கீர்த்தனாவிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்கோ,” என்றாள். “உங்கட பேரில எழுதுங்கோ.”

வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

“அப்பா, ஒண்டு கேக்கவேணும். என்னைக் கூட்டிக்கொண்டு வரப் போறன் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டுத்தானே ஸ்டேஷனுக்குப் போனனீங்கள்?”

“ஓம்.”

“அதுக்கு அம்மா என்ன சொன்னவ? உண்மையில சொன்னதைச் சொல்லுங்கோ.”

மலர் அப்போது பதில் சொன்னாள். நான் அதை மகளிடம் சொன்னதில்லை, கதையிலும் எழுதவில்லை. ஒளிக்க வேண்டும் என்றல்ல. அது ஒருவரின் கடைசி வார்த்தையாக எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்குப் போகிறவனிடம் சாமான் வாங்கச் சொல்வது அது. உண்மையான ஜப்பானிய எழுத்தாளன் என்றால் கதையை அதிலிருந்துதான் தொடங்கியிருப்பான்.

“வரேக்க ரெண்டு கப் மொக்கா யோகட் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டவ.”

“ரெண்டோ?”

“ரெண்டு.”

“அப்ப அம்மாவால ஒரு கரண்டிகூட விழுங்கேலாதே.”

“ஓம்.”

“மற்றது ஆருக்காம்?”

இந்த இடத்தில் என் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. நல்ல வாக்கியம். அவள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்றும் தெரிந்தது.

“சொல்லேல்ல,” என்றேன்.

அவள் மூச்சு விடுவது கேட்டது.

“வாங்கினனீங்களோ?”

“ஸ்டேஷனில வாங்கினனான். கோட்டுப் பைக்குள்ள இருந்தது.”

“பிறகு?”

“நீ உள்ள அம்மாவோட இருக்கேக்க, நான் வெளியில கிடந்த வாங்கில குந்தியிருந்து சாப்பிட்டன்.”

“ரெண்டையுமோ?”

“ரெண்டையும்.”

நான் காத்திருந்தேன். மறுமுனையில் அவள் தொலைபேசியை வைக்கவில்லை.